பிரின்செப்பின் தராசு

சென்ற ஆண்டுத் தேர்த் திருவிழாவில், தரைக்கடை ஒன்றில் 1835 என்று பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்றை, விடுதிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த 300 ரூபாயைக் கொடுத்து வாங்கினேன். ஆய்வுக்கூடத் தராசில் வைத்ததும் சாயம் வெளுத்துவிட்டது. 11.66 கிராம் இருக்க வேண்டிய காசு 9 கிராமைக்கூட எட்டவில்லை. அந்த 11.66 எங்கிருந்து வந்தது என்று நூலகத்தில் தேடப்போய்த்தான் ஜேம்ஸ் பிரின்செப் எனக்கு அறிமுகமானார்.

1799இல் இங்கிலாந்தில் பிறந்த அவர் முதலில் பயின்றது கட்டடக் கலை. கண்நோய் அதைக் கெடுத்தது. பிறகு உலோகத்தின் மாற்றுப் பார்க்கும் தொழிலைக் கற்று, 1819இல் கல்கத்தா நாணயச் சாலைக்கு வந்து சேர்ந்தார். படம் வரைய உதவாது என்று விலக்கப்பட்ட அந்தக் கண்களே பின்னாளில் எவரும் படிக்காத எழுத்தைப் படித்தன என்று எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

காசியில் பத்தாண்டுகள் பணியாற்றினார். ஒரு கிரெயின் நிறையில் ஆயிரத்தில் மூன்று பங்கையும் காட்டும் தராசை அமைத்தார். நம் கணக்கில் அது ஏறத்தாழ 0.2 மில்லிகிராம்! ஊருக்கு ஊர் வேறுபட்ட ரூபாய்களுக்குப் பதிலாக ஒரே எடை, ஒரே மாற்று வேண்டும் என்று வாதாடினார். 1835இல் 180 கிரெயின் எடையில், 12 பங்கில் 11 பங்கு வெள்ளியாக அந்த ரூபாய் வந்தது. 1840 வரை அடித்த காசுகளிலும் 1835 என்றே பொறித்தார்கள். ஆகவே நான் வாங்கியது அசலாக இருந்திருந்தாலும் அரிய காசு ஆகியிராது. பழையதெல்லாம் அரியது என்று நம்பியது என் இரண்டாவது பிழை.

எடையும் மாற்றும் காட்டாத மதிப்பு ஒன்று உண்டென்பதை அந்தத் தராசுக்காரரே கண்டார். ஆப்கானிஸ்தானத்துப் பெக்ராமில் சார்லஸ் மாசன் ஆயிரக்கணக்கில் செப்புக் காசுகளைத் திரட்டியிருந்தார். உருக்கினால் சல்லி பெறாதவை. ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் புரியாத கரோஷ்டி. இருபுறமும் ஒரே அரசனின் பெயர்தான் என்னும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, பெயரோடு பெயரை ஒப்பிட்டு, எழுத்துகள் பலவற்றைப் பிரின்செப் விடுவித்தார். அந்த வேலைக்குத் தேய்ந்த பத்துக் காசுகளைவிட எழுத்துத் தெளிந்த ஒரு காசே உதவும். 1837இல் பிராமியையும் படித்தார். அசோகரின் கல்வெட்டுகள் பேசத் தொடங்கின.

உத்தியோகமும் ஆராய்ச்சியும் சேர்ந்து உடலை முறித்தன. 1838இல் நோயோடு கப்பலேறியவர், 1840 ஏப்ரல் 22இல் இலண்டனில் 40 வயதில் மறைந்தார். அவர் சேர்த்த காசுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

விடுமுறையில் இதைப் பாட்டியிடம் சொன்னேன். ஒருமுறை உழும்போது பச்சை பூத்த செப்புக் காசுகள் ஒரு பிடி கிடைத்ததாகவும், புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டு ஒரு சொம்பு வாங்கியதாகவும் பாட்டி சொன்னாள். அவற்றில் எழுத்து இருந்ததா என்று கேட்டேன். ஏதோ கீறியிருந்தது என்றாள். அப்போது எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் யாரும் இல்லை.