வீட்டுக்கு ஒரு தோட்டம் கேட்டவர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் புகழ் பெற்ற கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ல் வெட்டப்பட்டது. குடவோலை மூலம் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த விதத்தை அது சொல்கிறது. ஏரியைக் கவனிக்க 6 பேர் கொண்ட ஏரி வாரியம். தோட்டத்தைக் கவனிக்க 12 பேர் கொண்ட தோட்ட வாரியம்!

வீடு மட்டும் போதாது. தோட்டமும் நீர்நிலையும் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அதே உண்மைக்காக வாழ்நாள் முழுவதும் பாடுபட்டார், சீமையில் பிறந்த ஒருவர். அவர்தான் பாட்ரிக் கெடிஸ்.

இருட்டறையில் இளைஞர்

கெடிஸ் 1854-ல் ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் இருந்தவர். அவரோடு தோட்ட வேலை செய்து வளர்ந்த கெடிஸ், உயிர் நூல் படித்தார். 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றார். அங்கே கண்பார்வை கெட்டது. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது. ஆனால் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. செடிகளை ஆராய்ந்தவர், மனிதர் வாழும் ஊர்களை ஆராயத் தொடங்கினார்.

சேரியில் குடித்தனம்

1886-ல் அன்னா என்ற பெண்ணை மணந்தார். வசதியான தெருவில் அவர்கள் குடியேறவில்லை. எடின்பரோ நகரில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பழைய மாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். தாங்களே சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். அண்டை வீட்டாரும் கைகொடுத்தார்கள். குப்பை கிடந்த காலி மனைகள் தோட்டங்கள் ஆயின.

பிறகு, எடின்பரோ கோட்டை அருகே 'ராம்சே தோட்டம்' என்ற அழகிய அடுக்கு வீடுகளை உருவாக்கினார். மாடியில் வாழ்பவருக்கும் வெளிச்சம், காற்று, பசுமை வேண்டும் என்பது அவர் கொள்கை.

எம்டன் செய்த வேலை

சென்னை கவர்னர் பென்ட்லண்டு பிரபு அழைத்ததால், 1914-ல் கெடிஸ் இந்தியா வந்தார். பல ஆண்டுகள் சேர்த்த நகரப் படங்களும் வரைபடங்களும் வேறு கப்பலில் வந்தன. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன் கப்பல், அதை மூழ்கடித்துவிட்டது! கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

இடிக்காதே!

தஞ்சை, மதுரை முதலிய ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்தார். அகலமான சாலைக்காக ஏழைகளின் வீடுகளை இடிப்பதை அவர் எதிர்த்தார். இடிந்து கிடப்பதை மட்டும் அகற்றினால் போதும்; அந்த இடத்தில் மரம் நடலாம்; செலவும் குறையும் என்றார். கொசுவுக்குப் பயந்து குளத்தைத் தூர்க்கக் கூடாது, மீன் வளர்த்தால் அது கொசுப் புழுவைத் தின்னும் என்று யோசனை சொன்னார்.

காஞ்சிபுரம் அவரை மெய்மறக்கச் செய்தது. கோயில், குளம், அகன்ற வீதி, வீடு எல்லாம் பொருந்திய இப்படிப்பட்ட நகர அமைப்புக்கு இணையில்லை என்று புகழ்ந்தார்.

இரட்டைத் துயரம்

1917-ல் இடி மேல் இடி விழுந்தது. மூத்த மகன் அலஸ்டர் பிரான்சில் போரில் மாண்டான். அப்போது இந்தியாவில் அன்னா நோயில் கிடந்தார். மகன் இறந்த செய்தியைக் கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. துக்கத்தை மனத்தில் பூட்டி வைத்தார். அது தெரியாமலே அன்னா கண்மூடினார்.

ஆயினும் கெடிஸ் உழைப்பை நிறுத்தவில்லை. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932-ல், 77-ஆம் வயதில், பிரான்சில் காலமானார்.

இன்று நகரங்களில் தோட்டத்துடன் கூடிய அடுக்கு வீடுகள் பெரும் விலைக்கு விற்கின்றன. ஆனால் பசுமை பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல. ஜன்னலில் ஒரு பூச்செடி, தெருவில் ஒரு மரம், தூர்க்கப்படாத ஒரு குளம் இருந்தால் போதும். கெடிஸ் காட்டிய வழி அதுவே. உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டும் வழியும் அதுவே!