பால் ரோப்ஸன்

கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்று வினவுவோர் எக்காலத்தும் எத்தேசத்தும் உண்டு. அன்னாருக்கு விடையாக, அமெரிக்க நடிகரும் பாடகருமான பால் ரோப்ஸனுடைய ஜீவிய சரித்திரத்தையே நாம் எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

1898-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி நியூஜெர்ஸியிலுள்ள பிரின்ஸ்டன் நகரில் அவர் ஜனித்தார். தகப்பனார் அடிமையாகப் பிறந்து, இளம்பிராயத்தில் தப்பியோடி, கல்வி கற்றுப் பாதிரியானவர். சிறு வயதில் தாயை இழந்த மைந்தர், உபகாரச் சம்பளம் பெற்று ரட்கர்ஸ் கலாசாலையில் பயின்றார். 1923-ல் கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டப் பட்டமும் பெற்றார். ஆயினும், கறுப்பர் சொல்வதை எழுத மாட்டேனென்று வக்கீல் ஆபீஸின் சுருக்கெழுத்தாளர் மறுக்கவே, அத்தொழிலை உதறி நாடக மேடையைச் சரணடைந்தார்.

1924-ல் யூஜீன் ஓநீலின் நாடகங்களில் நடித்துக் கீர்த்தியடைந்தார். 1930-ல் லண்டனில் ஒதெல்லோ வேஷம் பூண்டார். 1943-ல் நியூயார்க்கில் மீண்டும் அவ்வேஷம் தாங்கியபோது, நாடகம் 296 முறை நடைபெற்றது. பிராட்வேயில் ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதற்குமுன் அவ்வளவு நாள் நடந்ததில்லை.

சினிமாவோ அவருக்குக் கசப்பான பாடம் கற்பித்தது. ஆப்பிரிக்கரின் பெருமையை உலகறியச் செய்யலாமென நம்பி, ‘ஸாண்டர்ஸ் ஆப் தி ரிவர்’ படத்தில் நடித்தார். 1935-ல் வெளிவந்த அப்படம் பிரிட்டிஷ் ஆட்சிக்குத் துதி பாடுவதாக முடிந்தது. அவர் மனம் நொந்தார். தம் கலை எவருக்குப் பணி செய்கிறதென்று அன்றுமுதல் விழிப்புடன் ஆராய்ந்தார். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வைக் காட்டும் ‘தி ப்ரவுட் வேலி’யில் மனமுவந்து நடித்தார், 1942-க்குப் பின் ஹாலிவுட்டை அறவே துறந்தார்.

1938-ல் லண்டனில் நேருவை வரவேற்ற கூட்டத்தில் பேசி, பாரத விடுதலைக்கும் அவர் துணை நின்றார். நிறவெறியை வெளிநாடுகளில் கண்டித்த குற்றத்திற்காக 1950-ல் அமெரிக்க சர்க்கார் அவரது பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. சங்கீத மண்டபங்களும் கதவடைத்தன. கம்யூனிஸ்ட் அல்லவென்று கையெழுத்திட அவர் இசையவில்லை. உடல் சிறைப்பட்டதேயன்றிக் குரல் சிறைப்படவில்லை. 1957-ல் அட்லாண்டிக் கடலுக்கடியிற் சென்ற டெலிபோன் கம்பி வழியே வேல்ஸ் தொழிலாளருக்குப் பாடினார். மறுவருஷம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. அவ்வருஷமே அவரது அறுபதாம் பிறந்தநாள் இந்தியாவிலும் கொண்டாடப்பட்டது.

அவரிடம் குறையே இல்லையென நாம் கூறோம். ஸ்டாலினுடைய கொடுமைகளை அவர் பகிரங்கமாகக் கண்டித்தாரில்லை. சுதந்திரத்தைப் பாடிய நாவுக்கு அம்மௌனம் பொருந்தவில்லை. எனினும், ஒரு கையெழுத்தால் இழந்த செல்வத்தையும் புகழையும் மீட்டிருக்கக் கூடியவர், எட்டு வருஷம் அதனை இடாதிருந்தார். 1976-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி பிலடெல்பியாவில் காலமானார். ஒதெல்லோவாக நடிக்க வல்லவர் பலர் தோன்றலாம். விலைபோகா உறுதியுடையோர் சிலரே.