அல்சைமர்: நோய்க்குள் மறைந்துபோன ஆசிரியர்

1901 நவம்பர். ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகர மனநல வைத்தியசாலை. புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒகுஸ்டே டெட்டர் என்ற பெண்ணின் எதிரே வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் அமர்ந்தார். பெண்ணுக்கு வயது 51 தான். பெயரென்ன, கணவர் பெயரென்ன என்று கேட்டார். இரண்டுக்கும் அவள் தன் பெயரையே சொன்னாள். பூக்கோவாவும் பன்றியிறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே, கீரை சாப்பிடுவதாகச் சொன்னாள். பெயரை எழுதச் சொன்னபோது ‘திருமதி’ என்பதோடு நின்றுவிட்டாள், மிச்சம் மறந்துபோயிற்று. கேள்வியையும் பதிலையும் அவர் அப்படியே எழுதிவைத்தார்.

நேர்காணல்களை நம்பிப் பிழைக்கும் எனக்கு, அந்தக் குறிப்புகளில் பிடித்தது இதுதான்: பதிலை அவர் திருத்தவில்லை. வயது போனால் மறதி வரும் என்று தள்ளிவிடுவது அன்றும் வழக்கம், எங்கள் வீடுகளில் இன்றும் வழக்கம். 51 வயதுக்காரியிடம் அந்தச் சமாதானம் செல்லாது.

அதே 1901 இல்தான் அவருடைய மனைவி செசீலியா இறந்தார். மூன்று பிள்ளைகள். 1903 இல் பேராசிரியர் கிரெப்பெலினுடன் முனிச் நகருக்குப் போனார். மனைவி வழிச் சொத்து இருந்ததால் முதலில் சம்பளமில்லாமலே வேலை செய்ய முடிந்தது. ஒகுஸ்டே பிராங்க்பேர்ட்டிலேயே இருந்தாள். 1906 ஏப்ரலில் அவள் இறந்ததும், மூளையும் கோப்பும் முனிச்சுக்கு அனுப்பப்பட்டன.

வெள்ளிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மூளைக் கலங்களுக்குள்ளே நார்கள் முறுக்கிச் சிக்குண்டு கிடந்தன. கலங்களுக்கு வெளியே ஏதோ பொருள் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. திட்டுகளை முன்பும் சிலர் கண்டிருந்தார்கள். கலத்துக்குள்ளிருந்த சிக்கல்தான் புதிது. அந்த நவம்பரில் டியூபிங்கன் நகர மாநாட்டில் இதை விளக்கினார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. 1910 இல் கிரெப்பெலின் தன் பாடநூலில் எழுதியபோதுதான் நோய்க்கு அல்சைமர் என்ற பெயர் வந்தது.

ஆனால் அவருடைய பெரிய வேலை அந்த ஒரு மூளையல்ல, முனிச் ஆய்வுகூடம்தான் என்பேன். பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். மேடையில் நின்று போதிப்பதைவிட, ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, அவர்களின் கண்ணாடித் தகட்டைத் தானும் பார்த்து விளக்குவதே அவர் வழக்கம். பற்றவைத்த சுருட்டை மேசையில் வைத்தபடியே அடுத்தவரிடம் போய்விடுவாராம். மாலையில் ஒவ்வொரு நுணுக்குக்காட்டி அருகிலும் ஒரு சுருட்டுத்துண்டு கிடக்குமாம். கட்டிலருகே கேட்டறிந்த அறிகுறியும் தகட்டில் தெரிவதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவேண்டும் என்பதே அவர் கற்பித்த ஆய்வுமுறை. அங்கு பயின்றவர்களில் லேவி, யாக்கோப் ஆகியோரின் பெயர்களும் பின்னர் மூளைநோய்களோடு ஒட்டிக்கொண்டன.

1912 இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அங்கு போகும் வழியில் ரயிலிலேயே நோய்வாய்ப்பட்டார். உடல் முழுதாகத் தேறவேயில்லை. 1915 டிசெம்பர் 19 அன்று, 51 வயதில் இறந்தார். ஒகுஸ்டே வைத்தியசாலைக்கு வந்தபோது அவளுக்கிருந்த அதே வயது. பிராங்க்பேர்ட்டில் மனைவியின் அருகே அடக்கம் செய்தார்கள்.

ஒகுஸ்டேயின் கோப்பு பல பத்தாண்டுகள் காணாமற்போயிருந்தது. 1995 இல் பிராங்க்பேர்ட் வைத்தியசாலையின் ஆவணக் காப்பகத்தில் அது கிடைத்தது. உள்ளே அவருடைய கையெழுத்துக் குறிப்புகளோடு, பெயரை எழுத அவள் பட்ட பாடும் தாளில் அப்படியே இருந்தது.