படைவீரர் போற்றிய மருத்துவர் லாரே

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பியப் போர்க்களத்தில் வீழ்ந்த சிப்பாயின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. மருத்துவ வண்டிகள் களத்துக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் அப்பால் நிற்க வேண்டும் என்பது பிரெஞ்சுப் படையின் விதி. போர் ஓய்ந்த பின்னரே அவை வரும். ஒரு பகலும் ஓரிரவும் குருதி வடியக் கிடந்து மாண்டோர் பலர். குண்டினும் கொடியது அந்தக் காத்திருப்பு.

இந்நிலையை மாற்றியவர் டாமினிக் லாரே. 1766இல் பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, துலூஸ் நகரில் அறுவை மருத்துவராக விளங்கிய தந்தையின் உடன்பிறந்தாரிடம் வளர்ந்து தொழில் பயின்றார். 1792இல் ரைன் படையில் சேர்ந்தபோது, குதிரைகள் இழுக்கும் பீரங்கிகள் களமெங்கும் விரைவதைக் கண்டார். பீரங்கி விரையக்கூடுமாயின் மருத்துவனும் விரையலாகாதா என்று எண்ணினார். இரு சக்கர, நாற்சக்கர இலகு வண்டிகளை அமைத்தார். பறக்கும் ஆம்புலன்சு என்று பெயர் பெற்ற அவை, போர் நடக்கும்போதே காயமுற்றோரை ஏற்றி வந்தன. யாருக்கு முதலில் சிகிச்சை என்பதைக் காயத்தின் கடுமையே முடிவு செய்தது. பதவியோ, நண்பன் பகைவன் என்ற வேறுபாடோ அன்று.

1812இல் போரோடினோவில் ஒரே நாளில் இருநூறு உறுப்பு நீக்கங்கள் செய்தார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். விரைவு ஒன்றே அன்று அவர் காட்டக்கூடிய கருணை. அவ்வாண்டே பெரிசினா ஆற்றைக் கடக்கையில், அறுவைக் கருவிகளை எடுத்துவரத் திரும்பிச் சென்று நெரிசலில் சிக்கினார். அவரை அடையாளங்கண்ட சிப்பாய்கள் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றிப் பாலத்தைக் கடப்பித்தனர். பட்டினியாலும் பனியாலும் ஒருவரையொருவர் மிதித்துச் சென்ற கூட்டம் அது!

எனினும் அவர் வாழ்வில் தலையாயதென நான் கருதுவது 1813இல் நிகழ்ந்தது. பாட்சன் போருக்குப் பின் இளஞ்சிப்பாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையிலும் விரலிலும் காயத்தோடு வந்தனர். போரைத் தவிர்க்கத் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டனர் எனத் தளபதிகள் சிலர் குற்றஞ்சாட்டினர், நெப்போலியனும் நம்பினார். மரணதண்டனையும் நேர இருந்தது. விசாரணைக்குத் தலைமை ஏற்ற லாரே, ஒவ்வொருவரையும் பொறுமையாகச் சோதித்தார். மூவரிசையாக நின்று சுடுகையில், பயிற்சி போதாத பின்வரிசையினரின் குண்டுகள் முன்வரிசையினர் உயர்த்திய கைகளைத் துளைத்தன என்று கண்டார். அனைவரும் குற்றமற்றவர் எனப் பேரரசரிடமே அறிக்கை அளித்தார். சினங்கொண்ட பேரரசர் பின்னர் அதை ஏற்று, அவருக்குப் பரிசும் ஓய்வூதியமும் வழங்கினார்.

1815இல் வாட்டர்லூவில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டார். சுட்டுக் கொல்லப்பட இருந்தவரை, அவரிடம் முன்பு பாடம் கேட்ட மருத்துவர் ஒருவர் அடையாளங்கண்டார். லாரே ஒருகாலத்தில் தம் மகனுக்குச் சிகிச்சை அளித்ததை அறிந்த தளபதி புளூக்கர், அவரை விடுவித்தார்.

1821இல் மறைந்த நெப்போலியன், தாம் கண்ட மாந்தருள் மிக நற்பண்புடையவர் என உயிலில் எழுதி ஒரு லட்சம் பிராங்கு அவருக்கு விட்டுச்சென்றார். அல்ஜீரியாவில் மருத்துவமனைகளைப் பார்வையிட்டுத் திரும்புகையில், 1842இல் லியோன் நகரில் லாரே காலமானார். போர்வீரர் இல்லமான இன்வாலிதில் அடக்கமாகவேண்டும் என்பது அவரது விருப்பம். அது மறுக்கப்பட்டது. 1992இல்தான் அவரது எச்சங்கள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டன.