ஸ்டீவன்சனின் தென்கடற் செலவு

செலவு என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. கைப்பொருள் கழிதலும் செலவு. ஓரிடம் விட்டு மற்றோரிடம் போதலும் செலவு. பண்டைப் புலவர்கள் பின்னைய பொருளிலே இச்சொல்லைப் பெரிதும் ஆண்டனர். இக்காலத்தார் முன்னைய பொருளையே நன்கு அறிவர். இவ்விரு செலவும் ஒரு மனிதனுடைய வாழ்விலே ஒருங்கு வந்து கூடி, அவன் போக்கினையே மாற்றிவிட்ட வரலாறு ஒன்றுண்டு. அதுவே றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன் பசிபிக் மாகடலின் தூரத்துத் தீவுகளுக்குப் புறப்பட்ட வரலாறு. 'புதையல் தீவு' என்னும் கதையை எழுதியவர் என்ற அளவிலே மாணாக்கர் அவரை அறிவர். கதையிலே தீவைக் கண்டவர் வாழ்விலே தீவைத் தேடிய விதத்தை அவர்கள் அறிதல் நன்றென்று கருதியே யான் இதனை எழுதப் புகுந்தேன்.

ஸ்டீவன்சன் 1850 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலே பிறந்தார். அவர் குலத்தொழில் வெளிச்சவீடு கட்டுதல். அலைகள் மோதும் பெல் பாறையிலே வெளிச்சவீடு எழுப்பிப் புகழ்பெற்ற றொபேட் ஸ்டீவன்சன் அவருடைய பாட்டனார். தந்தையார் தோமஸும் அத்தொழிலிலே வல்லவர். ஒரே மைந்தனும் அவ்வழியே செல்வான் என்று தந்தையார் எதிர்பார்த்தார். மைந்தனோ எந்திரவியற் கல்வியை இடையிலே விட்டுச் சட்டம் பயின்று, 1875 இலே அப்புக்காத்துப் பட்டமும் பெற்று, அத்தொழிலையும் நடத்தாது எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

இளமை தொட்டே அவரைப் பற்றியிருந்தது நுரையீரல் நோய். இருமலும் இரத்தம் கக்குதலும் அவருடன் பிறந்த உறவுபோல் ஆயின. குளிரும் ஈரமும் மிக்க பிறந்த நாடு அவர் உடம்புக்குப் பகையாயிற்று. சுவிற்சர்லாந்தின் தாவோஸ் மலையிலே இரண்டு மாரிகாலங் கழித்தார். தென்பிரான்சிலே இயேர் என்னும் ஊரிலே வாழ்ந்தார். பின்னர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ண்மத்திலே மூன்றாண்டு வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார். 'ஜெக்கிலும் ஹைடும்' என்ற நெடுங்கதை 1886 இலே வெளிவந்து உலகப்புகழ் தேடித் தந்தபோது, அதனை எழுதியவர் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார் என்றால் அது மிகையன்று.

1887 மே மாதத்திலே தந்தையார் காலமானார். பிறந்த நாட்டிலே தங்குவதற்கிருந்த பெருங்கடமை நீங்கிற்று. அவ்வாண்டு ஓகத்து மாதம் தாயாரையும், மனைவி பனியையும், அவ்வம்மையாரின் முதல் மணத்து மகன் லொயிட்டையும் உடனழைத்துக்கொண்டு ஸ்டீவன்சன் அமெரிக்கா சென்றார். அங்கே சரனாக் லேக் என்னும் ஊரிலே, காசநோய் வைத்தியத்திற் பேர்பெற்ற ட்றூடோ என்பவரின் கண்காணிப்பில், உறைபனிக்கு நடுவே ஒரு மாரிகாலத்தைக் கழித்தார். தென்கடற் பயணத்தின் திட்டம் உருவானது அப்பனிக் குடிசையிலேதான்.

அவ்வெண்ணத்தின் வித்து முன்னரே விழுந்திருந்தது. 1875 இலே நியூசீலாந்திலிருந்து எடின்பரோவுக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவர் சமோவாத் தீவுகளின் இதமான காலநிலையையும் மக்களின் இயல்பையும் அவருக்கு எடுத்துரைத்தார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவிலே சாள்ஸ் வாரன் ஸ்டொடாட் என்னும் எழுத்தாளர் தென்கடல் பற்றிய தம் நூலையும் மெல்வில் எழுதிய நூல்களையும் அவருக்கு அறிமுகஞ் செய்தார். வித்து முளைப்பதற்குப் பதின்மூன்று ஆண்டு சென்றது.

சரனாக்கிலே அவரைக் காணவந்த பத்திரிகையாளர் மக்ளூர் என்பார், தீவுகளிலிருந்து அவர் எழுதும் கடிதங்களைப் பத்திரிகைகளுக்கு விற்றுப் பணந் தேடலாம் என்று ஊக்கினார். தென்கடல் பற்றிய நூல்களையும் மாலுமிகளுக்குரிய வழிகாட்டி நூலையும் அனுப்பிவைத்தார். நெருப்பைச் சூழ அமர்ந்து குடும்பத்தார் கடற்படங்களை விரித்துப் பார்த்தனர். வெளியே பனி பெய்துகொண்டிருக்க, உள்ளே விரலொன்று பவளத்தீவுகளின் மீது ஊர்ந்துகொண்டிருந்தது.

இனி, திட்டத்திலே பணம் என்பது பெருங்கேள்வி. ஏறத்தாழ ஏழு மாதப் பயணத்துக்குத் தந்தை வழி வந்த பணத்திலே 2,000 பவுண் வரையில் ஒதுக்க அவர் துணிந்தார். அவருக்குக் கிடைத்த முதுசொத்திலே அது பெரும்பங்கு. உடல் தேறாவிடின் அப்பணம் வீணே. தேறுமாயின் அதனினும் நல்ல முதலீடு இல்லை. இதனை நன்குணர்ந்தே அவர் துணிந்தார் என்பதை நண்பர்க்கு அவர் எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன.

கப்பலைத் தேடியவர் பனி அம்மையார். 1888 இளவேனிலிலே அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றிருந்தார். அங்கே 'காஸ்கோ' என்னும் உல்லாசப் பாய்க்கப்பல் வாடகைக்குக் கிடைக்கும் என அறிந்து கணவருக்குத் தந்தி கொடுத்தார். கப்பலை உடனே பேசிமுடிக்கும்படியும் பத்து நாளிலே தாங்கள் அங்கிருப்பதாகவும் கணவர் மறுதந்தி அனுப்பினார். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பனி அம்மையாருக்குக் கடல் ஆகாது. கப்பலேறிய நாளிலெல்லாம் தலைசுற்றலும் வாந்தியும் அவரை வருத்தும். கணவனின் மூச்சுக்காகத் தமக்கு ஒவ்வாத கடலை அவர் தேடிச் சென்றார். வரலாறு எழுதுவோர் பலர் இதனைப் போகிற போக்கிலே சொல்லிவிடுகின்றனர்; யானோ இத்திட்டம் முழுவதிலும் இதுவே அரிய செயல் என்பேன்.

காஸ்கோ 95 அடி நீளமும் 74 தொன் நிறையும் உடையது. வாடகை மாதத்துக்கு 500 டொலர். மாலுமிகளின் சம்பளம், உணவு, பழுதுபார்த்தல் ஆகியன வேறு. கப்பலின் உடைமையாளர் மெரிற் என்பவர், எழுத்தாளர் ஒருவரை நம்பிக் கப்பலைக் கொடுக்கத் தயங்கி, நேரிற் பேசிய பின்னரே உடன்பட்டார். கப்பித்தான் ஓட்டிஸ் அதனினும் ஐயுறவினர். இந்நோயாளி வழியிலேயே இறப்பார் என்றெண்ணிக் கடலில் அடக்கஞ் செய்வதற்கு வேண்டியவற்றையும் அவர் கப்பலில் ஏற்றினார் என்பர்.

1888 யூன் 28 ஆந் திகதி காஸ்கோ புறப்பட்டது. ஸ்டீவன்சனுக்கு அப்போது வயது முப்பத்தேழு. உடன்சென்ற தாயாருக்கோ ஐம்பத்தொன்பது. யூலை மாதத்திலே மார்க்கேசாஸ் தீவுகளுள் ஒன்றாகிய நுக்கு ஹீவாவின் அனாஹோக் குடாவை அடைந்தனர். கடற்காற்றுப் பட்டதும் நோயாளி எழுந்து நடந்தார். வெறுங்காலுடன் கரையிலே உலாவினார். பின்னர், தாழ்ந்த பவளத்தீவுகள் நிறைந்து மாலுமிகளை அச்சுறுத்தும் துவாமோத்து வழியாகத் தஹீத்தியை அடைந்தனர்.

ஆங்கேதான் திட்டம் முறிந்தது. ஸ்டீவன்சன் மீண்டும் கடும் நோயுற்றார். கப்பலின் பாய்மரம் உள்ளே உளுத்திருந்தமை தெரியவந்து, பழுதுபார்க்க அது பப்பேட்டே துறைமுகஞ் சென்றது. தௌத்தீரா என்னும் சிற்றூரிலே ஒரி என்னும் தலைவர் குடும்பம் முழுவதற்கும் தம் வீட்டைக் கொடுத்தார். மோயே என்னும் அரசகுலப் பெண்மணி உணவூட்டி நோயாளியைத் தேற்றினார். உணவும் பணமும் குறைந்தபோது ஒரி படகேறிப் பப்பேட்டே சென்று வேண்டிய பொருள்களைக் கொண்டுவந்தார். இருவரும் அந்நாட்டு வழக்கப்படி தம் பெயர்களை மாற்றிக்கொண்டு உடன்பிறப்பாயினர். பணத்தாற் கணக்கிட்ட பயணம் பணத்தாற் பெறலாகாத ஒன்றை அவருக்கு அங்கே ஈந்தது.

நிற்க. 1889 சனவரியிலே ஹொனலூலு சேர்ந்ததும் காஸ்கோவை அவர் திருப்பி அனுப்பினார். ஏழு மாதம் முடிந்தது. ஆயினும் அவர் மீளவில்லை. மே மாதத்திலே தொழுநோயாளர் வாழ்ந்த மொலோக்காய்த் தீவுக்குச் சென்றார். அவர்களுக்குத் தொண்டு செய்து தாமும் அந்நோய்க்கிரையான தேமியன் அடிகளார் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அங்குள்ள சிறுமியரோடு விளையாடிப் பொழுதைப் போக்கிய ஸ்டீவன்சன், பின்னர் அவர்களுக்குப் பியானோ ஒன்றை அனுப்பினார். அடிகளாரை ஒருவர் இழித்தெழுதியபோது, வழக்கு வரக்கூடும் என்றறிந்தும் அஞ்சாது மறு ஆண்டு மறுப்பு வெளியிட்டார்.

யூன் மாதத்திலே 'இக்குவேற்றர்' என்னும் வணிகக் கப்பலேறி கில்பேட் தீவுகளைக் கண்டு, டிசம்பரிலே சமோவாவின் அப்பியாத் துறையை அடைந்தார். அங்கே முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுநிலத்தை வாங்கினார். அப்போதும் ஸ்கொத்லாந்துக்கு ஒருமுறை சென்றுவரலாம் என்ற நம்பிக்கை அவரிடம் இருந்தது. 1890 தொடக்கத்திலே சிட்னி நகருக்குச் சென்றவுடன் பழைய நோய் மீண்டது. கடலுக்குத் திரும்பியதும் தணிந்தது. உயிர் வேண்டுமாயின் பிறந்த மண் இல்லை. பிறந்த மண் வேண்டுமாயின் உயிர் இல்லை என்ற நிலை தெளிவாயிற்று. உயிரோடு இருந்து எழுதுவதை அவர் தேர்ந்தார். ஸ்கொத்லாந்தை அவர் பின்னர் ஒருபோதும் காணவில்லை.

தீவுகளுக்குச் சென்றமையால் அவர் புலமை குன்றிற்று என இலண்டன் நண்பர் சிலர் குறைகூறினர். மக்ளூருக்கு எழுதிய கடிதங்கள் வாசகரைக் கவரவில்லை என்பதும் உண்மையே. எனினும் யான் அவர் கூற்றை ஒப்பேன். 'பலேசாவின் கடற்கரை' என்னும் கதையிலே வெள்ளை வணிகரின் வஞ்சகத்தை அவர் ஒளிக்காது காட்டினார். முற்றுப்பெறாது நின்ற 'ஹேர்மிஸ்ற்றனின் வெயர்' என்னும் நவீனத்திலோ, கண்காணாத் தொலைவிலிருந்து தம் நாட்டு மேட்டுநிலங்களைக் கண்முன் நிறுத்தினார். பிரிவு ஊரை அழிப்பதில்லை, கூர்மையாக்குகிறது.

சமோவர் அவரைத் 'துசித்தாலா', அதாவது கதைசொல்பவர், என்று அழைத்தனர். அவருடைய 'புட்டிப் பூதம்' என்ற கதை 1891 இலே அம்மொழியிற் பெயர்க்கப்பட்டு வெளிவந்தபோது, அப்புட்டி அவர் வீட்டு இரும்புப்பெட்டியில் இருப்பதாகவே பலர் நம்பினர். ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகளும் அச்சிறுநாட்டைப் பங்கிட முனைந்தபோது அவர் வாளாவிருக்கவில்லை. 1892 இலே அந்நாட்டின் இடர்களை நூலாக எழுதினார், பத்திரிகைக்கும் எழுதினார். தாம் நாடுகடத்தப்படக்கூடும் என்ற அச்சம் இருந்தும் ஓயவில்லை. 1893 போரிலே தோற்ற மத்தாஆபா என்னும் தலைவர் தீவு கடத்தப்பட்டார். அவர் பக்கத்தார் சிறைப்பட்டனர். அவர்களுக்கு உணவும் புகையிலையும் மருந்தும் கொண்டுசென்றார் ஸ்டீவன்சன். விடுதலையான தலைவர்கள் 1894 இலே தாமே உழைத்து அவர் வீட்டுக்கு ஒரு பாதை அமைத்துக் கொடுத்தனர். அன்புள்ளத்தின் பாதை என்று அதற்குப் பெயரும் இட்டனர்.

அவ்வாண்டு டிசம்பர் 3 ஆந் திகதி மூளையில் இரத்தம் கசிந்து ஸ்டீவன்சன் இறந்தார். வயது நாற்பத்து நான்கு. நெடுங்காலம் அஞ்சிய நுரையீரல் நோய் அவரைக் கொல்லவில்லை. மறுநாட் காலை சமோவ மக்கள் வாயேயா மலைச்சாரலின் காட்டை வெட்டி வழிசெய்து, தோள்மாறித் தோள்மாறி அவர் உடலைச் சுமந்துசென்று உச்சியிலே அடக்கினர். 1914 இலே மறைந்த பனி அம்மையாரின் சாம்பரும் மறு ஆண்டு அங்கேயே வைக்கப்பட்டது. அவர்கள் வாழ்ந்த வைலிமா வீடு இன்று நினைவுக் காட்சிச்சாலையாக விளங்குகிறது.

ஏழு மாதத்துக்கென்று இட்ட திட்டம் ஆறரை ஆண்டு ஆயுளைத் தந்தது. சுகந்தேடிச் சென்றவர் தம்மை ஏற்ற மக்களின் துன்பத்தையும் தம்முடையதாகக் கொண்டார். தொலைநாடு செல்ல விரும்பும் மாணாக்கர் கடற்படத்தையும் பணக்கணக்கையும் நன்கு ஆராய்க, அவை வேண்டற்பாலனவே. ஆயினும் உணவிட்ட கைகளுக்கு நாம் கடன்பட்டவர் என்ற எண்ணம் இல்லாவிடின், எத்துணைத் தூரம் சென்றாலும் அது வெறும் பொருட்செலவாகவே முடியும்.