கோழித் தீவனத்துக்குள் ஆன்டிபயாடிக் வந்தது எப்படி? யார் இந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்?

தாம்பரம் மார்க்கெட்டிலோ குரோம்பேட்டை அண்ணாச்சி கடையிலோ வாங்கும் முட்டை பெரும்பாலும் நாமக்கல் பண்ணைகளில் இருந்து வருவது. அந்தக் கோழியின் தீவனத்தில் மக்காச்சோளம், சோயா புண்ணாக்கோடு விட்டமின், தாது உப்பு என நிறைய சேர்மானங்கள் இருக்கும். சில இடங்களில் ஆன்டிபயாடிக்கும் சேர்வது உண்டு. இதில் ஃபோலிக் அமிலம் என்ற விட்டமின், ஆன்டிபயாடிக் இரண்டின் கதையும் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்கிறது. அவர் மெட்ராஸில் படித்த டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

குடல் நோயில் தொடங்கிய தேடல்

1895 ஜனவரி 12-ல், அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கல. அதனால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுத்தார்.

அவருடைய அண்ணன் 'ஸ்புரூ' என்ற நோயில் இறந்தார். சாப்பிட்டது செரித்தாலும் குடல் சுவர் சத்தை உறிஞ்ச முடியாமல் போவதுதான் இந்த நோய். வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, மெலிவு என்று ஆளையே கரைத்துவிடும். அப்போது இதற்குச் சரியான மருந்து கிடையாது. மாமனார் குடும்பத்தின் உதவியோடு 1923-ல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனார் சுப்பாராவ். அதன்பிறகு ஊர் திரும்பவே இல்லை.

ஹார்வர்டில் என்ன செய்தார்?

சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். உடம்பின் ஆற்றல் நாணயம் என்று பாடப்புத்தகம் சொல்லும் ஏ.டி.பி. மூலக்கூறைக் கண்டறிந்ததிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. இருந்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கல. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்கு மாறி, அதன் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

அங்கே அவர் தலைமையில் இருந்த குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. இந்தத் தேடலில் கோழிக்குஞ்சுகளுக்குப் பெரிய பங்கு இருந்தது. இந்தச் சத்து இல்லாத தீவனம் தின்ற குஞ்சுக்கு வளர்ச்சி நின்றுபோகும், ரத்தசோகை வரும். சத்தைக் கொடுத்தால் தேறும். குஞ்சின் உடம்பே அளவுகோல்! அண்ணனைக் கொன்ற ஸ்புரூ நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலம் பலன் தந்தது. இன்று முட்டைக்கோழித் தீவனத்தின் விட்டமின் கலவையிலும் அது இருக்கிறது.

யானைக்கால் நோய்க்குத் தரும் டி.இ.சி. மாத்திரையும் அதே ஆய்வகத்தின் கொடைதான்.

அந்த மஞ்சள் மருந்து

1948-ல் லெடர்லியில் பெஞ்சமின் டுகர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியில் இருந்து ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டறிந்ததாக அறிவித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து இது. அறிவிப்பு வந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 8-ம் தேதி, சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53.

அதே ஆண்டு இறுதியில், அங்கே வேலை பார்த்த தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் இருவரும் கோழிக்குஞ்சுகளுக்கு விட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் தயாரித்தபின் மிஞ்சிய கசடைத் தீவனத்தில் கலந்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குஞ்சுகள் அதிகமாக வளர்ந்தன. காரணம் விட்டமின் மட்டும் இல்லை, கசடில் ஒட்டியிருந்த ஆன்டிபயாடிக் என்பது பிறகுதான் தெரிந்தது. குடலில் வாழும் பாக்டீரியாக்களை அது மாற்றியிருந்தது. 1951-ல் அமெரிக்கா இதைத் தீவனத்தில் கலக்க அனுமதித்தது. மற்ற நாடுகளுக்கும் பழக்கம் பரவியது.

சிக்கல் என்ன?

குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கைத் தினமும் கொடுத்தால், அதைத் தாங்கும் பாக்டீரியாக்கள்தான் மிஞ்சும். அவை எச்சம், தண்ணீர், இறைச்சி வழியாக மனிதரிடமும் வரலாம். அப்புறம் ஆஸ்பத்திரியில் மருந்து வேலை செய்யாது. ஸ்வீடன் 1986-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2006-லும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்தன. மனிதருக்குக் கடைசிக்கட்ட மருந்தான கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தர 2019-ல் இந்தியாவும் தடை விதித்தது.

அப்போ கோழியின் குடலை எப்படிக் காப்பது?

முட்டைக்கோழிக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அதற்காகக் கோழி தினமும் ஏறக்குறைய 4 கிராம் தின்ன வேண்டும். குடல் புண்ணானால் கால்சியம் உள்ளே போகாது. ஓடு மெலியும், எச்சம் தண்ணியாகும், முட்டை அழுக்காகும்.

பூஞ்சை பிடித்த சோளம் குடலைக் கெடுக்கும். செரிக்காமல் தங்கும் புரதம் கெட்ட பாக்டீரியாக்களுக்குத் தீனியாகும். தீவனத்தை மாவாக அரைத்தால் அரைவைப்பைக்கு வேலை இல்லாமல் போகும். சற்றே கரகரப்பான தீவனமும், கால்சியத்துக்கு கிளிஞ்சல் துகளும் நல்லது. தானியத்தில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸை ஃபைடேஸ் என்ற என்சைம் விடுவிக்கும். புரோபயாடிக், கரிம அமிலங்கள், பூண்டு, மஞ்சள் போன்றவையும் பயன்படுகின்றன. ஆனால் சுத்தமான தண்ணீருக்கும் கெடாத தீவனத்துக்கும் இவை எதுவும் மாற்று இல்லை.

தாம்பரம் தாண்டி, பொத்தேரி அருகே உள்ள காட்டுப்பாக்கத்தில் (பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கம் இல்லை) தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை உணவியல் நிலையம் இருக்கிறது. கால்நடைக்கும் கோழிக்கும் என்ன தீவனம், எவ்வளவு, எப்படி என்பதுதான் அங்கே ஆய்வு.

தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்க சுப்பாராவ் சொன்னதில்லை. அந்தச் சோதனையைப் பார்க்க அவர் உயிரோடும் இல்லை. அவர் ஆய்வகத்தில் இருந்து கோழிக்குப் போன இரண்டில், ஃபோலிக் அமிலம் ஒவ்வொரு கோழிக்கும் தேவை. ஆன்டிபயாடிக் நோயுள்ள கோழிக்கு மட்டும், அதுவும் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் போதும். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றினால்தான், அவர் காலத்து மருந்துகள் மனிதருக்கும் மிச்சமிருக்கும்.