பேரறிஞர் அல்-கிந்தி

அடக்க விலையைப் பிறர் அறியாதிருக்கப் பத்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு, இலக்கத்துக்கு ஓரெழுத்தாகச் சரக்கின்மேல் குறித்து வைப்பது வியாபாரிகளிடையே பழைய வழக்கம். கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங் பக்கத்து அன்பர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மதரஸாவில் ஓதியவர்களுக்கு அப்ஜத் வரிசையும் தெரியும். அலிஃப் 1, பே 2, ஜீம் 3, தால் 4 என்று ஏறி, கைன் 1000 என்று முடியும். பிஸ்மில்லாஹ்வை 786 என்று எழுதுவது இந்தக் கணக்கின்படிதான். எழுத்தை எண்ணாக மாற்றிவிட்டால் இரகசியம் பத்திரம் என்று நினைக்கிறோம். அப்படியல்ல என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார் அல்-கிந்தி.

அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி சுமார் கி.பி. 801இல் கூஃபாவில் பிறந்தார். தகப்பனார் அந்நகரின் கவர்னர். கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாத் அறிஞர் கூட்டத்தில் சேர்ந்தார். அடுத்த கலீஃபா முஃதஸிம் தம் மகனுக்கு இவரையே ஆசிரியராக வைத்தார். நாம் கணக்கெழுதும் இந்திய இலக்கங்களைப் பற்றியும் நூல் எழுதியவர் இவர்.

மறைவெழுத்துக்கு இவர் கண்ட வழி மிக எளிது. அதே மொழியில் நீண்டதோர் ஏட்டை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று எண்ண வேண்டும். அரபியில் அலிஃபே முதலிடம், அடுத்தது லாம். பிறகு மறைவுக் கடிதத்திலுள்ள குறிகளையும் எண்ண வேண்டும். மிக அதிகமாக வரும் குறி அலிஃபாயிருக்கலாம், அடுத்தது லாமாயிருக்கலாம். இப்படியே பொருத்திப் பார்த்துக்கொண்டு போனால் பூட்டுத் திறந்துவிடும். எழுத்துக்குப் பதில் எண் போட்டிருந்தாலும் தப்பாது. குறிதான் மாறுகிறது, வருகிற தடவை மாறுவதில்லை. கடிதம் சிறிதாயிருந்தால் மட்டும் இவ்வழி பலிக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கலீஃபா முதவக்கில் காலத்தில் அவருக்குச் சோதனை வந்தது. பனூ மூஸா சகோதரர்கள் கோள் மூட்டினர். முதுமையில் அடிபட்டார்; அவருடைய நூலகம் முழுவதும் பறிபோனது. வியாபாரிக்குப் பேரேடு போனாற்போல! பின்னர் அச்சகோதரர்கள் பொறுப்பில் வெட்டிய கால்வாய் ஒன்று மட்டம் பிசகி, அவர்கள் தலைக்கே ஆபத்து வந்தது. சோதிக்க வந்த பொறியாளர் ஸனத் இப்னு அலீ, கிந்தியின் கிதாபுகளைத் திருப்பிக் கொடுத்தாலன்றி உதவ மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். கிதாபுகள் வந்து சேர்ந்தன. ஸனதுக்கும் கிந்திக்கும் அதற்கு முன் நல்லுறவு இல்லை என்பது நாம் கவனிக்க வேண்டியது.

சுமார் 873இல் பக்தாதில் மௌத்தானார். மறைவெழுத்து பற்றிய அவருடைய ரிஸாலா இஸ்தான்புல்லில் சுலைமானிய்யா நூலகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1987இல் டமாஸ்கஸில் அச்சாகி வெளிவந்தது.